பயிற்சிக் குறிப்பேட்டுக்கும் நான்கெல்லை வேண்டும்

விழா மலர்கள் கடந்த காலத்தைக் கணக்கெடுப்பதற்கென்றே தோன்றியவை. நமது கல்லூரியின் பழைய மலர்களைப் புரட்டினால் இவ்வுண்மை விளங்கும். அதிபர்களின் வரிசை, மாணவ தலைவர்களின் பெயர்கள், துடுப்பாட்ட அணியினரின் நிழற்படம், மெய்வல்லுநர் போட்டியில் முதலிடம் பெற்றோர் பட்டியல் ஆகியன அனைத்தும் அங்கே உள. ஆயினும் யான் நெடுநாள் தேடியும் காணாத ஒன்று உண்டு. யார் வென்றார் என்பது எழுதப்பட்டிருக்கிறது. அவர் எவ்வாறு பயின்றார் என்பது எழுதப்படவில்லை. விளைச்சலைப் பத்திரப்படுத்திய நாம் உழுத கதையைக் காற்றிலே விட்டுவிட்டோம்.

இக்குறையைப் பற்றி ஒரு முதியவனுடைய ஏக்கமாக மாத்திரம் இங்கு எழுத வரவில்லை. இன்று இக்குறைக்கு ஒரு புதிய ஆபத்தும், கூடவே ஒரு புதிய பயனும் வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றை ஆசிரியர்களும் மாணவர்களும் பழைய மாணவர்களும் ஒருங்கே சிந்தித்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் ஓர் எண்ணை நினைவூட்டுகின்றேன். 1958ஆம் ஆண்டு தோக்கியோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவராகிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்கள் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கப் பதக்கம் பெற்றார். ஆசிய விழாவொன்றில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது. அவர் நம் கல்லூரியினர் அல்லர் எனினும், அன்று குடாநாடு முழுவதும் அவரைத் தன் பிள்ளையாகவே கொண்டாடியது. அதற்கு முன்னரே 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேணிலும் ஒலிம்பிக் களம் கண்டவர் அவர். அந்த ஓர் எண்ணின் பின்னே எத்தனை அதிகாலைகள், எத்தனை தோல்விப் பாய்ச்சல்கள், எத்தனை ஓய்வு நாட்கள் அடுக்கப்பட்டிருத்தல் வேண்டும்! எண் உலகத்திற்கு உரியது. பயிற்சியின் கதையோ அடுத்து வரும் மாணவனுக்கு உரியது.

பயிற்சியின் இயல்பே குறிப்பேட்டை வேண்டி நிற்கின்றது. உடலானது தான் நேற்றுச் சுமந்ததைவிடச் சிறிதளவு கூடுதலாக இன்று சுமந்தாற்றான் வலுப்பெறும். மிகக் கூட்டினால் முறியும், கூட்டாது விட்டால் தேங்கும். 1940களில் தோமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க இராணுவ வைத்தியர், காயமுற்ற போர்வீரருக்கு எடை தூக்கும் பயிற்சி அளித்தபோது, ஒருவன் தொடர்ந்து 10 முறை மாத்திரம் தூக்கக்கூடிய எடை எது என அளந்து, அவ்வளவையே அடிப்படையாகக் கொண்டு படிப்படியாக உயர்த்தினார். இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் வழங்கும் முறைகள் பலவற்றுக்கு இதுவே வேர். சென்ற வாரத்து அளவு தெரியாதவனுக்கு இவ்வாரத்து அளவு எவ்வாறு தெரியும்? ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது பழமொழி. மைதானத்திலோ ஏட்டில் எழுதாத சுரைக்காய்தான் கறிக்கு உதவாமற் போகின்றது.

இனிப் புதிய செய்திக்கு வருவோம். மாணாக்கரின் கையிலுள்ள தொலைபேசியில் இன்று செயற்கை நுண்ணறிவு முகவர் என்னும் ஒரு பணியாளன் குடிபுகுந்திருக்கிறான். கேள்வி கேட்டால் விடை கூறுவதோடு நில்லாது, தனக்கு வழங்கப்பட்ட கருவிகளைத் தானே தெரிந்தெடுத்து இயக்கி வேலையை முடிக்க முயல்வதனால் அவன் முகவர் எனப்படுகிறான். காலநிலையை அறிய ஒரு கருவி, நாட்காட்டியைப் பார்க்க ஒரு கருவி, ஒருவரது பழைய பயிற்சிப் பதிவுகளைத் தேடித்தர ஒரு கருவி என இவை பலவாகும். 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அன்த்ரோபிக் என்னும் நிறுவனம், இத்தகைய கருவிகளை முகவர்களோடு இணைப்பதற்கு ஒரு பொது விதிமுறையை வெளியிட்ட பின்னர், எவரும் தம்மிடமுள்ள ஏட்டுக்கு ஒரு கருவி அமைத்தல் எளிதாயிற்று.

இங்கே கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்று உண்டு. அம்முகவர் கருவியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொதுவாகக் காண்பதில்லை. கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்று எழுதப்பட்ட சில வரி விளக்கம், அது கேட்கும் விபரங்களின் பட்டியல் ஆகிய இவற்றை மாத்திரம் வாசித்து, எப்பொழுது அழைப்பது, என்ன கொடுப்பது, வந்த விடைக்கு என்ன பொருள் கொள்வது என்று தீர்மானிக்கின்றது. புதிதாகக் கந்தோருக்கு வந்த கிளாக்கர் அலுமாரியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை மாத்திரம் பார்த்துக் கோவையை எடுப்பது போன்றது இது. சீட்டுப் பிழையாயின் கோவையும் பிழையாகும். கிளாக்கராவது ஐயுற்றால் மேலதிகாரியிடம் கேட்பார். முகவரோ விளக்கத்தில் விடப்பட்ட வெற்றிடத்தைத் தன் ஊகத்தினால் நிரப்பி, ஐயம் என்பதே அறியாதது போன்று நயமாக விடை பகரக் கூடியது.

கண்ணாற் கண்டதொன்றைச் சொல்கின்றேன். எனக்குத் தெரிந்த மாணவன் ஒருவன், நடுத்தர ஓட்டத்தில் நல்ல எதிர்காலம் உள்ளவன், தன் பயிற்சியையெல்லாம் தொலைபேசியிலுள்ள ஒரு செயலியில் ஒழுங்காக எழுதி வந்தான். மாரி காலத்தில் டெங்குக் காய்ச்சல் கண்டு மூன்று வாரம் மைதானத்துக்கு வரவில்லை. மீண்டு வந்த முதல் நாள், ‘இன்று என்ன ஓடலாம்?’ என்று அதனிடம் கேட்டான். அது பதிவுகளைத் தேடும் கருவியை அழைத்தது. கருவி கடைசிப் பத்துப் பயிற்சிகளைத் தந்தது; ஆனால் நாள் குறிக்காது ஒன்று முதல் பத்து வரை இலக்கமிட்டுத் தந்தது. முகவர் அவற்றை அண்மைப் பத்து நாட்களின் பயிற்சி என்று கொண்டு, ‘நன்றாக முன்னேறுகிறீர்கள், இன்று 400 மீற்றரை ஆறு தடவை ஓடுக’ என்று உற்சாகமூட்டியது. நான்காம் தடவையிற் பையன் வளைவிலே சோர்ந்து வீழ்ந்தான். ஆசிரியர் தூக்கி வந்து வேப்பமர நிழலிற் கிடத்தி, உடனே வைத்தியரிடம் கொண்டு சென்றார். சில நாளில் தேறிவிட்டான்.

பின்னர், கணினித் துறையிற் பணியாற்றும் பழைய மாணவர் ஒருவரின் உதவியோடு அக்கருவியின் விளக்கத்தைப் பார்த்தோம். ‘பயனரின் பயிற்சி வரலாற்றைத் தரும்’ என்னும் ஒரேயொரு வரி இருந்தது. பொய் எதுவும் அதில் இல்லை. ஆனால் எத்தனை பதிவுகள், எந்நாட்களுக்குரியவை, இடைவெளி இருந்தால் என்ன செய்வது என்று எதுவுமே அதில் இல்லை. பையன் காய்ச்சலைச் சொல்லவில்லை, பொறியும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று அதற்கு எவரும் எழுதி வைக்கவில்லை.

நம் நாட்டில் ஒரு துண்டுக் காணியை வாங்கும்போது நொத்தாரிசு என்ன செய்கிறார்? காணியின் பெயரையும் பரப்பையும் எழுதியதோடு அமையாது, கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என நான்கெல்லையும் குறித்து, கிணற்றிற் பங்குண்டா, வழிவாய்க்கால் உரிமை உண்டா என்பதையும் உறுதியிலே எழுதுகின்றார். எல்லை எழுதாத உறுதி வழக்குக்கு வித்து என்பது யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதன்று. பயிற்சி வரலாற்றைத் தேடித்தரும் கருவிக்கும் அத்தகைய நான்கெல்லை வேண்டும் என்பேன்.

முதலெல்லை, கருவியின் பணி. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது, எப்பொழுது அழைக்கப்படல் வேண்டும் என்பன இதில் அடங்கும். எழுதிய பதிவைத் தேடித் தருவது வேறு. புதிய பதிவை எழுதுவது வேறு. ஆலோசனை கூறுவது வேறு. இம்மூன்றும் ஒரே வரியிற் குழம்பினால், பழையதைப் பார்க்கச் சென்ற முகவர் பழையதைத் திருத்திவிட்டு வரவும் கூடும்.

இரண்டாமெல்லை, கருவி கேட்கும் விபரம். இதுதான் வழக்குகள் மிகுந்த எல்லை. நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 03/04 என்பது நமக்கு ஏப்பிரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. ஆகவே ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசை விதிக்கப்படல் வேண்டும். நேரமும் அவ்வாறே. யாழ்ப்பாணத்தில் அதிகாலை 5 மணிக்கு மாணவன் ஓடும்போது கிறீனிச் நேரத்தில் முதல்நாள் இரவு 11.30 மணி. கிறீனிச் நேரத்தில் எழுதிவைக்கும் கணினி, திங்கட்கிழமை ஓட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிடும். நேரம் என்பது எவ்விடத்து நேரம் எனக் கேட்கப்பட வேண்டும் என்பதை நம்மவர் அனுபவத்தால் அறிவர். 1996 முதல் 2006 வரை அரசாங்கக் கடிகாரம் முன்னே நகர்த்தப்பட்டிருந்த காலத்தில், வன்னியிற் பழைய நேரமே வழங்கிற்று. சோதனைச் சாவடியின் இருபுறமும் மணிக்கூடுகள் வெவ்வேறு நேரம் காட்டின.

அளவுகளும் இவ்வாறே. எதிர்வீரசிங்கம் அவர்கள் பாய்ந்த உயரம் பழைய கணக்கில் 6 அடி 8 அங்குலம். இதனைச் சுருக்கி 6.8 என ஒருவர் எழுதிவைத்தார் என்று கொள்வோம். அடியைப் பத்தாகப் பகுத்து வாசிக்கும் பொறிக்கு அது ஏறக்குறைய 2.07 மீற்றர் ஆகிவிடும். ஒரு புள்ளியினாலே நான்கு சென்ரிமீற்றர்! உயரம் பாய்தலில் நான்கு சென்ரிமீற்றர் என்பது ஒரு வீரனின் பல ஆண்டு உழைப்பு. பெயர்களோ இன்னும் தொல்லை. தண்டால் என்று ஒருவனும், புஷ் அப் என்று மற்றொருவனும் எழுதுவர். குண்டு போடுதல் என்றும் குண்டெறிதல் என்றும் எழுதுவர். எப்பெயர்கள் ஒன்றெனக் கொள்ளப்படும் என்னும் பட்டியல் விளக்கத்தோடு இணைக்கப்படாவிடின், இருக்கும் பதிவையே இல்லையென்று கருவி கூறும்.

மூன்றாமெல்லை, கருவி தரும் விடை. ஒருமுறைக்கு எத்தனை பதிவு, எஞ்சியவை உளவா, எந்த அலகு என்பன கூறப்படல் வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது ‘இல்லை’ என்னும் விடையின் பொருள். பயிற்சி செய்யவில்லை என்பது ஒன்று. செய்தான், எழுதவில்லை என்பது மற்றொன்று. எழுதினான், கருவியால் எடுக்க முடியவில்லை என்பது வேறொன்று. மூன்றுக்கும் ஒரே வெற்றுத்தாளைக் கருவி நீட்டுமாயின், முகவர் அவ்வெறுமைக்குத் தனக்குத் தோன்றிய பொருளைக் கற்பிக்கும்.

நான்காமெல்லை, கேட்போரின் உரிமை. ஒருவனது பயிற்சிப் பதிவு அவனுடைய உடலின் அந்தரங்கம். எந்நேரம் எவ்வீதியில் ஓடுகிறான், எந்நாளில் நோயுற்றான், எந்த முழங்கால் வலிக்கிறது என்பதெல்லாம் அதில் உண்டு. ஸ்ட்ராவா என்னும் ஓட்டப் பதிவு நிறுவனம் உலகெங்கும் மக்கள் ஓடிய வழிகளைப் படமாக வெளியிட்டபோது, பாலைவனங்களிலுள்ள இராணுவ முகாம்களின் சுற்றுவழிகள் அதில் ஒளிர்ந்தமை 2018 சனவரியில் உலகச் செய்தியாயிற்று. ஓட்டக் குறிப்பு ஒருவனைக் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தரவுகளைத் தனிக் கவனத்துக்குரியனவாக வகுத்திருக்கின்றது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. உறுதியில் எல்லை எழுதினாற் போதாது. வேலியும் அடைத்தல் வேண்டும். ஒரு மாணவனின் ஏட்டை மற்றொருவன் காணலாகாது என்று விளக்கத்தில் எழுதுவது எல்லை. கருவியே அதனைத் தர மறுக்குமாறு அமைப்பது வேலி. முகவர் சில வேளை எழுதியதை மறந்து நடக்கும். பிறர் சொற்கேட்டு மயங்கவும் செய்யும். ஆதலின் உண்மையான காவல் கதியாலிலே இருக்க வேண்டுமேயன்றிக் காகிதத்தில் அன்று.

இந்நான்கினையும் எழுதப் பெருநூல் வேண்டா. எடுத்துக்காட்டாக இவ்வளவு போதும்: ‘இக்கருவி மாணவன் தானே எழுதிய பயிற்சிப் பதிவுகளை மாத்திரம் தேடித்தரும், எழுதாது, திருத்தாது, ஆலோசனை கூறாது. அடுத்த பயிற்சியின் அளவை வகுக்குமுன் இதனை அழைக்க. தொடக்க நாளையும் முடிவு நாளையும் ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் இலங்கை நேரப்படி தருக. தூரமும் உயரமும் மீற்றரில், எடை கிலோகிராமில் வரும். ஒருமுறைக்குப் பத்துப் பதிவுகள் நாளோடு வரும். எஞ்சியவற்றின் தொகை கூறப்படும். பதிவு இல்லையெனின், பயிற்சி செய்யவில்லை என்று கொள்ளற்க, மாணவனைக் கேட்க. கடைசிப் பதிவு பத்து நாளுக்கு முற்பட்டதாயின், காரணம் அறியுமுன் அளவைக் கூட்டற்க.’ இவ்வளவு எழுதப்பட்டிருந்தால் அந்தப் பையன் அன்று வீழ்ந்திருக்க மாட்டான் என்றே நம்புகின்றேன்.

இதற்கு இருவகை மறுப்புக்கள் எழும். ‘மைதானத்தில் நிற்கும் ஆசிரியரின் கண்ணை விடவா இந்தப் பொறி?’ என்பர் என் வயதினர். அவர் கூற்றில் உண்மை உண்டு. மூன்று வாரம் வராத பையனின் முகத்தைப் பார்த்தவுடன் ‘என்ன தம்பி, சுகமில்லையா?’ என்று கேட்டிருப்பார் அன்றைய ஆசிரியர். அக்கண்ணுக்கு ஈடில்லை. ஆயினும் ஓராசிரியர் நூறு பிள்ளைகளைப் பார்க்கும் காலம் இது. மாணவர் நம்மைக் கேளாமலே பொறியைக் கேட்கத் தொடங்கியும் விட்டனர். அவர்கள் கேட்பதைத் தடுக்க இயலாத நாம், அது அறிந்து விடை கூறுமாறு செய்வதாவது நம் கடன் அன்றோ?

இளைஞர் சிலரின் மறுப்பு இதற்கு மாறானது. ‘பொறி நாளுக்கு நாள் கூர்மையாகின்றது, இவ்வளவு விளக்கம் எதற்கு? தானே உணர்ந்துகொள்ளும்’ என்பர். எத்துணைக் கூரிய அறிவும் எழுதப்படாத நாளை எங்ஙனம் உணரும்? 6.8 என்பது அடியும் அங்குலமுமா, அடியின் பத்திலொரு பகுதியா என்பது எழுதியவனின் மனத்தில் மாத்திரம் இருக்கும் செய்தி. அறிவின் குறை வேறு, செய்தியின் குறை வேறு. அதே வேளையில் விளக்கம் நீண்டால் நன்று என்பதும் தவறு. தேவையற்ற சொற் பெருக்கத்தில் முக்கியமான வரி முகவரின் கவனத்துக்குத் தப்பிப் போகும். நல்ல உறுதியைப் போல அது சுருக்கமாகவும் ஐயமற்றதாகவும் இருத்தல் வேண்டும்.

ஆகவே இவ்விழா ஆண்டில் நம் கல்லூரிச் சமூகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். முதலாவது, ஒவ்வொரு விளையாட்டு வீரனும் நாள், பயிற்சி, அளவு, உடல்நிலை என்னும் நான்கையும் எழுதும் குறிப்பேடு ஒன்றைத் தன் கையெழுத்தில் வைத்திருக்கப் பழக்கப்படுதல் வேண்டும். இரண்டாவது, விரும்பும் மாணவரின் குறிப்புக்களைக் கணினியில் ஏற்றி, தேடும் கருவி ஒன்றைப் பழைய மாணவர் அமைத்துக் கொடுத்தல் வேண்டும். ஆனால் அதன் விளக்கத்தைக் கணினி அறிந்தவர் தனித்து எழுதலாகாது. உடற்கல்வி ஆசிரியரும், தமிழாசிரியரும், அதனைப் பயன்படுத்தும் மாணவர் இருவரும் உடனிருந்து எழுதல் வேண்டும். மைதானத்திலே வழங்கும் சொல் எது, அதன் பொருள் யாது என அறிந்தோர் அவர்களே. மூன்றாவது, அவ்வேட்டின் பிரதிகள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிற் காக்கப்படுதல் வேண்டும்.

மூன்றாவதன் அருமையை நமக்கு விளக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. 1995 ஒக்தோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, உடுத்த உடையோடு சென்றோர் வீடுகளில் விட்டுச்சென்ற கொப்பிகள் எத்தனை! என்னுடைய பயிற்சிக் குறிப்பேடும் அவற்றுள் ஒன்று. பச்சை மட்டையிட்ட எண்பது பக்கக் கொப்பி அது. 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தார் நம் இதழ்களையும் மலர்களையும் தேடித் தேடிப் பதிவேற்றி வருவதைக் காணும்போதெல்லாம், அக்கொப்பியையே நினைக்கின்றேன். அச்சிட்டதற்கு எங்காவது ஒரு பிரதி கிடைக்கும். கையால் எழுதியதற்கு மறுபிரதி இல்லை.

நம் மைதானங்கள் மீண்டும் விழித்திருக்கும் காலம் இது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் பயின்ற ஜெகதீஸ்வரன் அனித்தா கோலூன்றிப் பாய்தலில் தேசியச் சாதனையை மீண்டும் மீண்டும் புதுப்பித்ததை நாம் கண்டோம். அத்தகையோர் நம் கல்லூரியிலும் இன்று எங்கேயோ ஓர் அதிகாலையில் தனித்து ஓடிக்கொண்டிருக்கலாம். அவருடைய பதக்கத்தை எழுத அடுத்த விழா மலர் காத்திருக்கும்; பதக்கத்துக்கு முந்திய நாட்களை எழுத இன்றே ஒரு கொப்பி வேண்டும். அக்கொப்பியைப் படிப்பவர் மனிதராயினும் பொறியாயினும், பிழையின்றிப் படிக்க நான்கெல்லையும் குறித்து வைப்போமாக.